மூன்றாம் பக்கம்

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க மாமா. பெல்ட்டு கதவுல மாட்டுது."

"எந்த வீட்ல மாப்ள கூடத்துக்குள்ள சீட் பெல்ட்டு இருக்கு?" என்றார் மாமா, மூச்சு வாங்க.

கார் இருக்கை படுக்கையறை வாசலில் குறுக்காக நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஒரு முனையை அவனும் மறுமுனையை அக்காவின் கணவரும் பிடித்திருந்தார்கள். இருபது நிமிடத்தில் அப்பாவைக் கொண்டுவந்துவிடுவார்கள். கூடத்தில் குளிர்பெட்டி வைப்பதற்கு இருந்த ஒரே இடத்தை இத்தனை நாளும் இந்த இருக்கைதான் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்பா முப்பத்தோரு வருடம் ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கற்றுக்கொடுத்தார் என்பதைவிட, ஓட்டுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உயிர் பிழைத்தார் என்பதுதான் சரி என்று அவரே சொல்வார். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து அவருடைய வலது கால் மட்டும் ஒரு சுற்றுப் பெருத்திருப்பதாக வீட்டில் ஒரு நம்பிக்கை. முதல் கார் காயலான் கடைக்குப் போனபோது, தான் உட்கார்ந்த இருக்கையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், "இந்த சீட்டுக்கு ஒரு ஸ்டாண்ட் அடிச்சுக் குடுடா. கட்டில்ல தூக்கம் வரல. வண்டியில உட்கார்ந்தே பழகிப்போச்சு" என்றார்.

அவன் ஏசி மெக்கானிக். ஊர் முழுக்கக் குளிரூட்டிவிட்டு வந்து தன் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே வியர்க்கிறவன். வெல்டிங் கையோடு வந்த வித்தை. அன்று மாலையே நாலு கால் வைத்துக் கொடுத்தான். பெல்ட்டையும் விட்டுவைத்தான். "கனவுல வேகமா போனீங்கன்னா கீழ விழாம இருக்கும்" என்று சொல்லி முதல் நாள் அவரை உட்காரவைத்து மாட்டியும் விட்டான். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். அந்த வீட்டில் யாரும் எதையும் நேராகச் சொல்கிற வழக்கம் இல்லை. காய்ச்சல் வந்தால் 'இன்ஜின் சூடாகுது' என்பார் அப்பா. நெஞ்சு வலி வந்தபோது சொன்னது, 'கிளட்ச் தேஞ்சுபோச்சு'.

"விட்டுடு மாப்ள. இங்கயே நிக்கட்டும்" என்று மாமா கையை எடுத்தார்.

இருக்கை வாசலை அடைத்தபடி நின்றது. தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்க் கறை, உள்ளங்கை அளவுக்கு.

வாகனம் வந்தது. இரண்டு பேர் அப்பாவை இறக்கிப் பெட்டிக்குள் கிடத்திக் கண்ணாடி மூடியைப் போட்டார்கள். அவர்களில் ஒருவன் தேவைக்கு மேல் பணிவாக இருந்தான். கும்பிட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வெளியே போனான். எதற்கு இவ்வளவு பணிவு என்று மகனுக்குத் தோன்றியது. நேற்று மத்தியானம் ஒன்றே முக்காலிலிருந்து எல்லாமே அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சை அறையின் கதவைத் திறந்துகொண்டு வந்த பெரிய டாக்டர், "எவ்வளவோ பாத்தோம், இதயம் மறுபடி வேலையை எடுத்துக்கல" என்றபோது அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். ஏன் சுவர்? சுவரில் என்ன இருக்கிறது?

குளிர்பெட்டியின் கம்ப்ரசர் கடகடவென்று ஓடியது. அடியில் ஒரு ரப்பர் போயிருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது. அப்பா கண்ணாடிக்குள் தகடு மாதிரி நேராகப் படுத்திருக்க, மகன் ரப்பரைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றான். தன்னை நினைத்து அவனுக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் ஒரு அட்டையை மடித்துக் கொண்டுபோய் அடியில் சொருகினான். சத்தம் பாதியாகக் குறைந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் நேற்றிலிருந்து ஒன்றுமே சொல்லவில்லை.

தெருவில் கார்கள் சேர்ந்துவிட்டன. எல்லாம் அப்பாவிடம் படித்தவர்கள். ஒருவர்கூட ஒழுங்காக நிறுத்தவில்லை. இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று மறித்து நிற்க, ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்பக்கம் எடுத்து மின்கம்பத்தைத் தொட்டுவிட்டு, "சார் இருந்திருந்தா பிரேக் போட்டிருப்பாரு" என்று அழுதார்.

மாமா அவன் தோளைத் தொட்டார். "ஃபைலைக் கொண்டா."

மாமா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். உலகத்தில் பாதிப்பேர் டிக்கெட் இல்லாமல் போகிறவர்கள், மீதிப்பேர் தப்பான பெட்டியில் ஏறியவர்கள் என்பது அவருடைய அனுபவம். மருத்துவமனை கொடுத்த ஃபைலை மொட்டை மாடிப் படியில் வைத்து இருவரும் விரித்தார்கள். மாமா முதலில் எழுத்துகளைப் பார்க்கவில்லை. ஸ்டேப்ளர் பின்னைப் பார்த்தார்.

"ஒரு பின்னு. ரெண்டு ஓட்டை போதும். இங்க பாரு, நாலு. ஒருதடவை கழட்டி மறுபடி அடிச்சிருக்கான்."

"ஜெராக்ஸ் எடுக்கக் கழட்டியிருப்பாங்க மாமா."

"இருக்கலாம்." பக்கங்களின் மூலையில் இருந்த எண்களை விரலால் தட்டினார். "ஒண்ணு. ரெண்டு. நாலு. மூணாம் பக்கம் எங்க?"

இல்லை. முன்னும் பின்னும் புரட்டினார்கள், உதறினார்கள். மூன்றாம் பக்கம் இல்லை.

அதுவரை அவனிடம் இருந்தது வெறும் புகைச்சல். இப்போது அதற்குப் பக்க எண்ணும் கிடைத்துவிட்டது.

நாலாம் பக்கம் மயக்க மருந்து டாக்டர் எழுதியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். மேலே நேரம். அதன் கீழே இரத்த அழுத்தத்துக்கு இரண்டு குறிகள், மேல் அளவும் கீழ் அளவும். இன்னும் கீழே ஒரு வரிசையில் வாயுவின் பெயரும் சதவீதமும். மற்றவர்களுக்கு அது கோழிக் கிறுக்கல். அவனுக்கு இல்லை. ஏசியில் கேஸ் நிரப்பும்போது இரண்டு மீட்டர்கள் மாட்டி, மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டையும் பார்த்துப் பார்த்துத் வால்வைத் திறக்கிறவன் அவன். இந்தத் தாள் அவனுடைய தொழில் பாஷையில் எழுதியிருந்தது.

ஒன்பது முப்பத்தைந்து: வாயு ஒரு சதவீதம். அழுத்தம் நூற்றிருபத்துநாலு. ஒன்பது ஐம்பது: வாயு இரண்டு சதவீதம். ஒன்பது ஐம்பத்தைந்து: அழுத்தம் எழுபது.

அவன் விரல் அங்கேயே நின்றது.

"என்ன மாப்ள?"

"கேஸை ரெண்டு மடங்கு திறந்திருக்காங்க மாமா. அஞ்சே நிமிஷத்துல பிரஷர் விழுந்திருக்கு."

வாயுவின் பெயரின் வாலில் 'ஃப்ளூரேன்' என்றிருந்தது. அந்த வாலை அவனுக்குத் தெரியும். ஏசிக்குள் ஓடுகிற வாயுக்களுக்கும் இதற்கும் தாய்வழியில் உறவு. ஒருதடவை பூட்டிய அறையில் குழாய் கசிந்து, தலை சுற்றி, வாடிக்கையாளரின் மெத்தையிலேயே மல்லாந்து விழுந்திருக்கிறான். அப்படிப்பட்ட சொந்தக்காரனை அப்பாவின் நெஞ்சுக்குள் அனுப்பியிருக்கிறார்கள். கைப்பேசியில் பெயரைத் தட்டினான். முதல் வரியே வந்து நின்றது: இதயத் தசை சுருங்கும் பலத்தை இந்த வாயு குறைக்கும். இரண்டாவது வரியை அவன் படிக்கவில்லை. சந்தேகப்படுகிறவனுக்கு முதல் வரியே தாராளம்.

"நாலு மணிக்கு எடுக்கறோம்" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "எடுத்து எரிச்சாச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. புகார் குடுக்கறதுன்னா அதுக்கு முன்னாடி குடுக்கணும். குடுத்தா போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்க."

"மறுபடி அறுப்பாங்களா?"

மாமா ஃபைலை மூடினார்.

"அக்காகிட்ட கேக்கணுமே."

"உங்கக்கா நீ சொல்றதைத்தான் சொல்லுவா. உங்கம்மாவும் உன்னைத்தான் பாத்துட்டு இருக்காங்க. நீதான் அவர்கூட ஆஸ்பத்திரியில இருந்தவன். போய் மூணாம் பக்கத்தை வாங்கிட்டு வா. தரமாட்டேன்னா அதுவே பதில். நான் இங்க பாத்துக்கறேன்."

மணி பன்னிரண்டரை. இறப்புச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று ஒரு பொய்யைப் பொதுவாக எல்லோருக்கும் சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்தான். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை உரக்கச் சொல்லிப்பார்த்தான். பக்கத்தில் பைக்கில் இருந்தவன் இரண்டாவது சிக்னலில் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

அவன் எதிர்பார்த்தது இதுதான்: அலையவிடுவார்கள், நாளைக்கு வா என்பார்கள், யாரோ ஒருவர் வந்து தோளில் கைபோட்டு காப்பி வாங்கிக் கொடுப்பார். அப்படி எதுவும் நடக்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் ஒரு போன் பேசினாள். பத்து நிமிடத்தில் மயக்க மருந்து டாக்டரம்மாவே இறங்கி வந்தார். பச்சை உடை, தலையில் துணித்தொப்பி, மூக்குக் கண்ணாடியில் ஒரு காது மட்டும் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை அப்பாவிடம் கேள்விகள் கேட்டுப் போனவர் இவர்தான். இவ்வளவு சுலபமாக வந்ததே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன அறை. உடைந்த இரண்டு சக்கர நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு அவனை உட்காரச் சொன்னார்.

அவன் தாளை விரித்து வைத்தான். "ஒன்பது அம்பது. ஏன் கேஸை ரெண்டாக்குனீங்க?"

அவர் தாளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஏசி மெக்கானிக்."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம்" என்றார். குரலில் கேலி இல்லை. அதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டான். "ஒன்பது அம்பதுக்கு நெஞ்செலும்பை அறுத்தாங்க. மயக்கத்துல இருந்தாலும் உடம்புக்குத் தெரியும். பிரஷர் தாறுமாறா ஏறும். ஏறவிட்டா இதயத்துக்கு ஆபத்து. அதனால அந்த நேரத்துல வாயுவைக் கூட்டுவோம்."

"அந்த கேஸ் இதயத்தோட பலத்தைக் குறைக்கும்னு போட்டிருக்கு."

"குறைக்கும். ரத்தக் குழாயையும் தளர்த்தும். எல்லாருக்கும் பிரஷர் கொஞ்சம் இறங்கும்."

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சேதான்." கண்ணாடியைக் கழற்றி உடையில் துடைத்தார். "அதே வாயுதான் இதயத்தைக் காப்பாத்தவும் செய்யுது. ஆபரேஷனுக்காகக் கொஞ்ச நேரம் இதயத்துக்கு ரத்தத்தை நிறுத்தறோம் இல்லயா, அதைத் தாங்கறதுக்கு இது முன்கூட்டியே இதயத்தைப் பழக்குது. கொஞ்சம் சோம்பேறியாக்கி வெக்குது. சோம்பேறிக்குச் சாப்பாடு குறைவா போதும்ல, அந்த மாதிரி. அளவுதான் விஷயம். நல்லா இருக்கற இதயத்துக்கு ரெண்டு ஒண்ணுமே இல்ல. சோர்ந்து போன இதயம்னா நான் ரெண்டுக்குப் போகவே மாட்டேன். வாயுவை லேசா வெச்சுட்டு வேற மருந்தால ஓட்டுவேன்."

அவனுக்குப் புரிந்தது. புரியக்கூடாது என்று உள்ளே யாரோ முரண்டு பிடித்தாலும் புரிந்தது. தேய்ந்த கம்ப்ரசருக்கும் புதுசுக்கும் ஒரே மாதிரியா கேஸ் ஏற்றுவான் அவன்?

"அப்ப எங்கப்பா இதயம் சோர்ந்திருந்ததுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கையில இருந்த ஸ்கேன் ரெண்டு மாசத்துக்கு மேல பழசு. அதுல ஓரளவு நல்லாத்தான் இருந்தது. ஆனா நேத்து நான் ஏத்தினதுக்கு இறங்கவேண்டியதைவிட ரொம்ப அதிகமா இறங்கிச்சு. உடனே குறைச்சேன், மருந்து குடுத்தேன், தேறினார். உள்ள இருந்தே ஸ்கேன் பண்ணிப் பாத்தோம். பாத்தா அது வேற இதயம். அந்தப் பழைய ஸ்கேனுக்கு அப்புறம் எப்பவோ ரொம்ப மோசமாயிருக்கு. எலும்பைத் திறந்தாச்சு. திரும்பிப் போறதா, முடிச்சுடறதான்னு பேசி, முடிச்சா தேறும்னு நம்பினோம். கடைசியில, இதயத்துக்குப் பதிலா ஓடின மெஷினை நிறுத்தினப்ப அது வேலையை எடுத்துக்கல."

"மூணாம் பக்கம் எங்க?" என்றான் அவன். கேட்க நினைத்த குரலைவிடச் சின்னதாக வந்தது.

அவர் எழுந்து போனார். இப்போது ஓடிவிடுவார் என்று நினைத்தான். இரண்டு நிமிடத்தில் ஒரு தாளோடு வந்தார். "என்கிட்டதான் இருந்தது. நேத்து சாயங்காலம் உங்க ஃபைல்லேருந்து நான்தான் கழட்டினேன். மறுபடி படிச்சுப் பாக்கணும்னு தோணிச்சு. திருப்பி வெக்க மறந்துட்டேன்."

மூன்றாம் பக்கம், ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் கேட்கும் கேள்விகள். பதில்கள் அவருடைய கையெழுத்தில்.

அந்த மாலை அவனுக்கு அப்படியே வந்தது. அப்பா கட்டிலில் படுக்காமல் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை மாடி ஏறுவீங்க என்று டாக்டரம்மா கேட்டார். "ஏத்தத்தை எல்லாம் பசங்க பாத்துப்பாங்க டாக்டர். நான் பிரேக் மட்டும்தான்" என்றார் அப்பா. இவர் சிரித்தார். கால் வீக்கம்? செருப்பு சின்னதாப் போச்சு, அவ்வளவுதான். பிறகு இவர் கேட்டார், "படுக்கறப்போ எத்தனை தலையணை வெச்சுப்பீங்க?"

"தலையணையா? ஒண்ணுகூட வெக்கறதில்ல."

சொல்லிவிட்டு அப்பா மகனைப் பார்த்துக் கண்ணடித்தார். அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கார் சீட்டில் உட்கார்ந்து தூங்குகிறவருக்குத் தலையணை எதற்கு? ஆஸ்பத்திரியில் தலையணை பற்றாக்குறை, அதனால்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தான். தன் பங்குக்கும் எடுத்துவிட்டான்: "எங்கப்பா ராஜா மாதிரித் தூங்குவார் டாக்டர். குறட்டைக்குத்தான் நீங்க ஏதாச்சும் மருந்து குடுக்கணும்." மூன்று பேரும் சிரித்தார்கள். இவர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

எழுதியது இதோ இருக்கிறது. நேராகப் படுத்தால் மூச்சுத்திணறல்: இல்லை. தலையணை: பூஜ்யம். தகவல் சொன்னவர்: நோயாளி, மகன்.

"தலையணை எதுக்குக் கேக்கறது?" என்றான்.

"இதயம் சோர்ந்துபோனா நேராப் படுக்க முடியாது. மூச்சு முட்டும். ரெண்டு தலையணை வேணும், மூணு வேணும். அப்புறம் அதுவும் போதாம உட்கார்ந்தேதான் தூங்குவாங்க. மெஷினே இல்லாம கண்டுபிடிக்கற ஒரு கேள்வி அது." அவர் தயங்கினார். "வீட்ல எப்படித் தூங்குவார் உங்கப்பா?"

வெளியே யாரோ தள்ளுவண்டியை வேகமாக உருட்டிப் போனார்கள். நேற்றுக் காலை அப்படி ஒரு வண்டியில்தான் அப்பாவைக் கொண்டுபோனார்கள். முதுகுப் பக்கத்தை நிமிர்த்திவைக்கச் சொல்லி உட்கார்ந்த வாக்கில்தான் போனார். மூலையில் வண்டி சட்டென்று திரும்பியபோது, போர்வைக்குள் அவருடைய வலது கால் பாதம் அழுத்தியது. தள்ளியவன் பார்த்துச் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். கதவு மூடிக்கொண்டது.

"கார் சீட்டுல" என்றான். "ஆறு வாரமா. நான்தான் ஸ்டாண்ட் அடிச்சுக் குடுத்தேன்."

அவர் தாளில் அந்தப் பூஜ்யத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தார், அழித்துவிடலாம் என்பது போல.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று அவனே கேட்டான். "தெரிஞ்சே கண்ணடிச்சிருப்பாரா?"

"எனக்குத் தெரியல. ஏற்கெனவே ஒருதடவை தேதி தள்ளிப்போச்சு அவருக்கு. மறுபடி தள்ளிடுவாங்கன்னு பயந்து மறைக்கறவங்க உண்டு." பிறகு மெதுவாக, "நானும் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். எப்படிப் படுப்பீங்கன்னு கேட்டிருக்கலாம். புது ஸ்கேன் எடுக்கச் சொல்லலாமான்னு கூட யோசிச்சேன். அவர் பேசினதுக்குச் சிரிச்சேனா, சிரிச்சா மனசு அடுத்த கேள்விக்குப் போயிடுது."

எழுந்து நின்றார். "நீங்க புகார் குடுக்கணும்னா குடுங்க. போஸ்ட்மார்ட்டம் கேட்டாலும் நான் குறுக்க நிக்க மாட்டேன். இந்தப் பக்கத்தை நீங்களே வெச்சுக்கோங்க. என்கிட்ட நகல் இருக்கு."

வாசல் படியில் இறங்கும்போது நாலு படி ஏறி வந்த ஒரு பெரியவர் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். அவன் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "நீங்க எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்க?" என்று கேட்டான். பெரியவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக மேலே போனார்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. வழியெல்லாம் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினான். மின்கம்பத்தை இப்போது வேறொரு கார் தொட்டுக்கொண்டு நின்றது.

மாமா வாசலிலேயே மறித்தார். "குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"மிரட்டினியா?"

"இல்ல மாமா. கேட்டேன், குடுத்தாங்க."

"அப்ப ஏதோ இருக்கு." மாமா கையை நீட்டினார், டிக்கெட்டுக்கு நீட்டுவது போலவே, இரண்டு விரல் முன்னால். அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

மாமா விரலை ஓட்டிப் படித்தார். பெயர். வயது. மாடி. வீக்கம். விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கிருந்து கீழே போய், தகவல் சொன்னவர் யார் என்பதில் மறுபடி நின்றது. தலையை நிமிர்த்தி வீட்டுக்குள் பார்த்தார். காலையில் இருவரும் தூக்கிய கார் இருக்கை படுக்கையறை வாசலை அடைத்துக்கொண்டு இன்னும் அங்கேயேதான் நின்றது. பெல்ட் தரையில் தொங்கியது.

மாமா தாளை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். அவன் சட்டைப்பையில் அவரே வைத்துவிட்டு, பையின் மேல் ஒருமுறை தட்டினார்.

"என்ன பண்ணலாம் மாமா? மணி ஆகுது."

"நான் சொல்லமாட்டேன் மாப்ள."

வாழ்நாளில் முதல் முறையாக அவர் ஒரு ஆளை மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார்.

கூடத்தில் சத்தம் அடங்கியிருந்தது. கடைசியாகப் பார்க்கிறவர்கள் பெட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அம்மா தலைமாட்டில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அவள் கை பட்ட இடத்தில் மட்டும் பனி கலைந்திருந்தது. அவன் வந்து எதிரில் நின்றதும் அவனைப் பார்க்காமலே பேசினாள். நேற்றிலிருந்து முதல் பேச்சு.

"ஏண்டா இப்படி நேராப் படுக்க வெச்சிருக்கீங்க அவரை?"

அக்கா, "அம்மா..." என்று அவள் முதுகைத் தடவினாள்.

"நேராப் படுத்தா அவருக்கு மூச்சு முட்டும்" என்றாள் அம்மா. "முதல்ல ரெண்டு வெச்சேன். அப்புறம் மூணு வெச்சேன். அதுவும் போதாமத்தான் அந்த சீட்டுக்குப் போனாரு. உன்கிட்ட சொல்லாதேன்னாரு. சொன்னா நீ கேலி பண்ணுவியாம்."

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அட்டை நகர்ந்திருக்கவேண்டும், கடகடப்பு திரும்பியிருந்தது.

அவன் படுக்கையறை வாசலுக்குப் போனான். இருக்கைக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் உடம்பைச் சுருக்கி, பெல்ட்டைத் தாண்டி உள்ளே நுழைந்தான். கட்டிலில் அம்மாவின் பக்கம் மட்டும் கசங்கியிருந்தது. மறுபக்கத்தில் தலையணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, உறை மாற்றி, அடுக்கியிருந்தன. இரண்டை எடுத்துக்கொண்டு வந்தான்.

மாமா கேட்காமலே கண்ணாடி மூடியை ஒருபக்கம் தூக்கிப் பிடித்தார். அவன் குனிந்து அப்பாவின் பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்தான். குளிர்ந்திருந்தது. அவன் தினமும் தொடுகிற குளிர்தான். முதல் தலையணையை வைத்தான். இரண்டாவதை வைத்தான். தலை உயர்ந்து, முகவாய் நெஞ்சை நோக்கி இறங்கி, அப்பா எதிரே வருகிற எதையோ பார்ப்பது போல் ஆனார்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூணு வெச்சா மூடி மூடாது மாப்ள" என்றார் மாமா, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"மூட வேணாம் மாமா. எடுக்கற நேரம்தானே."

சுவரோரம் போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். கம்ப்ரசர் இரண்டு முறை உலுக்கிவிட்டு நின்றது. திறந்த பெட்டியிலிருந்து குளிர் வழிந்து தரையில் பரவ, சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கால்களை மடக்கிக்கொண்டார்கள். அவன் மூன்றாவது தலையணையை எடுக்க மறுபடியும் இருக்கையைத் தாண்டி உள்ளே போனான்.